லேபர் டே வார இறுதியா, அடுத்த வெள்ளியா?

அமெரிக்காவில் செப்டம்பரின் முதல் திங்கள் லேபர் டே, அதாவது தொழிலாளர் தினம். மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல வருகிறதே, அப்போது படத்தை வெளியிட்டால் வசூல் கொட்டுமே என்று தோன்றும். நடப்பது வேறு. கோடையின் கடைசி விடுமுறை என்று ஜனங்கள் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். கல்லூரி ஃபுட்பாலும் அப்போதுதான் தொடங்கும். 2007இல் 'ஹாலோவீன்' என்ற திகில் படம் நான்கு நாளில் எடுத்த சுமார் 3 கோடி டாலர், 14 வருஷம் இந்த வார இறுதியின் சாதனையாகவே நின்றது. 2021இல் சூப்பர் ஹீரோ படங்களுக்குப் பேர்போன மார்வெலின் 'ஷாங்-சி' 9 கோடியைத் தாண்டி அதை உடைத்தது. அது மார்வெல் பெயரின் பலம். தேதியின் பலம் இல்லை.

அடுத்த வெள்ளி எப்படி? பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிடுவதால் குடும்பப் படங்களுக்குச் சரிப்படாது. பேய்ப் படங்களுக்கோ பொன்னான வாரம். எதிரே பெரிய படம் பெரும்பாலும் இருக்காது, நல்ல ஸ்கிரீன்கள் கிடைக்கும், பேய் வேஷம் போடும் ஹாலோவீன் பண்டிகை வரும் அக்டோபர் 31 வரை ஓட்டலாம். 2017 செப்டம்பர் 8 அன்று வந்த 'இட்', மூன்றே நாளில் உள்நாட்டில் மட்டும் 12 கோடி டாலரை அள்ளியது. மறு வருஷம் 'தி நன்' 5 கோடியைத் தாண்டியது.

என்னைக் கேட்டால், கையில் பேய்ப் படம் இருப்பவர் ஒரு வாரம் பொறுப்பதே நல்லது. லேபர் டே, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோடைப் படங்களுக்கே போகட்டும்.