இன்ஜெக்டர் நாலும் போச்சு என்று 58,400 ரூபாய் வாங்கினார்கள்

டீசல் பிக்கப் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள். புகார் போய்க்கொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

என்னுடையது நாலு சிலிண்டர் காமன் ரயில் வண்டி. அதாவது ஒரு பம்ப் டீசலை அதிக பிரஷரில் ‘ரயில்’ என்ற பொதுக் குழாயில் ஏற்றி வைக்கும், அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதை சிலிண்டருக்குள் பீய்ச்சும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றுகிறேன். போன மாதம் ஒருநாள் விடியற்காலை செல்ஃப் அடித்தால் வண்டி பிடிக்கவில்லை. நாலைந்து தடவை இழுத்த பிறகு பிடித்தது. பிடித்ததும் ஐட்லிங்கில் அப்படி ஒரு உதறல். சைடு கண்ணாடியில் பின்னால் நின்ற லாரியின் ஒரு விளக்கு மூன்றாகத் தெரிந்தது. கால் மணி நேரம் ஓடியதும் ஓரளவு அடங்கிவிட்டது. மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. இரவெல்லாம் நின்றால் தகராறு, ஓடினால் சரி. முழு விடையும் இதிலேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டேன். பையன் ஸ்கேனரைச் செருகினான். செக் லைட்டுக்கு பி0087 என்று ஒரு பிழைக் குறியீடு வந்தது. முதலாளி அதைக் காட்டி, “அண்ணே, மிஸ்ஸிங் அடிக்குது, இன்ஜெக்டர் நாலும் முடிஞ்சுது. இப்பவே மாத்தலேன்னா பம்ப்பும் போயிரும்” என்றார். மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பம்ப் என்றதும் பயந்துவிட்டேன். சீசன் நேரம், வண்டி நின்றால் வாடகை போச்சு. சரி, போடுங்கள் என்றேன்.

மூன்று நாள் கழித்து ஒரு வெள்ளைத் தாளில் 58,400 எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, “அது போட்டா இன்னும் ஏறும்ணே” என்று பதில். பழைய இன்ஜெக்டர்களைக் கேட்டேன், எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். மதியம் வண்டியை எடுத்தபோது பூப்போல ஓடியது. மறுநாள் காலை மார்க்கெட் வரிசையில் அதே உதறல். திரும்பப் போய்க் கேட்டால், “புது நாசில், செட் ஆக ஒரு வாரம் ஆகும்” என்றார்கள். நாசில் என்பது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனை.

ஒரு வாரமும் ஓட்டிப் பார்த்துவிட்டு, திண்டுக்கல்லில் டீசல் பம்ப் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. முதல் கேள்வி, “காலையில மட்டுமா தம்பி?” அடுத்தது, “கடைசியா டீசல் ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?”

பி0087 என்றால் ரயிலில் பிரஷர் குறைகிறது என்று மட்டும்தான் அர்த்தம் என்றார். ஃபில்டர் அடைத்திருந்தாலும் குறையும், குழாய்க்குள் காற்று புகுந்தாலும் குறையும், பம்ப்போ இன்ஜெக்டரோ கசிந்தாலும் குறையும். லேப்டாப்பை மாட்டி ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் இன்ஜின் தொய்ந்தது. ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர் என்றால் நிறுத்தினாலும் மாற்றம் இருக்காது. அப்புறம் நாலு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயை நாலு சின்ன பாட்டிலில் விட்டார். நாலிலும் டீசல் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் ஏறியது. தேய்ந்த இன்ஜெக்டர் இருந்தால் அதன் பாட்டில் மட்டும் சீக்கிரம் நிரம்பும்.

அப்பா காலத்து வண்டிகளில் ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிப்பார்கள். காமன் ரயிலில் அதைச் செய்துவிடாதீர்கள். ஐட்லிங்கிலேயே நூற்றுக்கணக்கான பார் பிரஷர் இருக்கும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கடைசியாக ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு சாண் குழாயைப் போட்டு ஸ்டார்ட் செய்தார். சோடா மாதிரி குமிழ் குமிழாக ஓடியது. என் வண்டியில் டேங்குக்குள் பம்ப் கிடையாது, முன்னால் இருக்கும் பம்ப்தான் இழுக்கிறது. அதனால் ஃபில்டர் பக்கம் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் தகராறு. ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் போல்ட்டின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. அந்த ஃபில்டரை இரண்டு மாதம் முன்பு மாற்றியது யார் என்கிறீர்கள்? இதே ஒர்க்‌ஷாப்தான்.

இதைவிடப் பெரிய கூத்து அப்புறம்தான். பெரியவர் மேல் மூடியைக் கழற்றி டார்ச் அடித்து, “இங்க பாருங்க” என்றார். இன்ஜெக்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டின் தலைக்குழியில் எண்ணெயும் மண்ணும் கல்லாக இறுகிக் கிடந்தது. சாவி உள்ளே போன தடமே இல்லை. இன்ஜெக்டர் தலையில் ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்கும் குறியீட்டு எழுத்துகளை ஈசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இருப்பதோடு ஒப்பிட்டார், நாலும் ஒத்துப்போனது. புதிதாக மாற்றினால் இந்தக் குறியீடுகளை ஈசியுவில் புதிதாக ஏற்ற வேண்டும், அந்தக் கடையில் அதற்கான கருவியே கிடையாது. ஆக, என் வண்டியில் இருப்பது கம்பெனியில் வந்த அதே இன்ஜெக்டர்கள். கையால் அழுத்தி டீசலை ஏற்றும் பிரைமரை அடித்துக் காற்றை வெளியேற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் மதியம் பூப்போல ஓடியிருக்கிறது.

பெரியவர் வாங்கியது ஓ-ரிங்கோடு சேர்த்து 650 ரூபாய். பத்து நாளாக ஒரே செல்ஃபில் பிடிக்கிறது.

போல்ட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஜிபேயில் பணம் அனுப்பியதால் அதற்குச் சான்று இருக்கிறது, வெள்ளைத் தாளில் கடைப்பெயர்கூட இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்துவிட்டேன். நேற்று முதலாளி கூப்பிட்டு, “பாதி தர்றேன், முடிச்சுக்கலாம்ணே” என்றார். முழுசும் கொடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.