சேப்பாக்கத்தில் தமிழ்நாடு ரஞ்சி அணி: பார்வையாளருக்கான ஒரு மதிப்புரை

ஐ.பி.எல். நாட்களில் ஒரு டிக்கெட்டுக்காக ஊரே அலைமோதும் சேப்பாக்கம் எம்.ஏ.சிதம்பரம் மைதானத்தில், தமிழ்நாடு அணி மாநில அணிகளுக்கிடையிலான பலநாள் போட்டியான ரஞ்சிக் கோப்பை ஆடும்போது வழக்கமாகக் கட்டணமின்றியே உள்ளே சென்று அமரலாம். காலை ஒன்பதரை மணிக்கு ஆட்டம் தொடங்கும். ஒரு நாளைக்குத் தொண்ணூறு ஓவர்; லீக் ஆட்டமென்றால் நான்கு நாட்கள், நாக் அவுட் சுற்றென்றால் ஐந்து நாட்கள். கிரிக்கெட்டை வெறும் சிக்ஸர்களின் தொகுப்பாகக் கருதாத எவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் எதை எதிர்பார்த்துப் போக வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை இந்த அணியின் வரலாற்றை அறிந்தவர்களே சரியாகச் சொல்ல முடியும் என்பதால், இம்மதிப்புரையின் பெரும்பகுதி அந்த வரலாற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே இந்த மைதானத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4 அன்று அப்போதைய மெட்ராஸ் அணியும் மைசூர் அணியும் மோதின. எம்.ஜே.கோபாலன் முதல் பந்தை வீசினார். மைசூர் 48 ரன்களுக்குச் சுருண்டது. மெட்ராஸ் 130 ரன்கள் எடுத்தது. மைசூர் மீண்டும் 59 ரன்களுக்கு ஆட்டமிழக்க, ஒரே நாளில் இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்துபோயிற்று. அன்று இரு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பதினொரு விக்கெட் வீழ்த்தியவர் ஏ.ஜி.ராம்சிங். டெஸ்ட் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய மகன் கிருபால் சிங்குக்குக் கிடைத்தது. 1954-55 பருவத்தில் பாலு அழகனன் தலைமையில் மெட்ராஸ் முதன்முறையாகக் கோப்பையை வென்றபோது, இந்தூரில் ஹோல்கர் அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் முக்கியப் பங்காற்றிய கிருபால், அதே ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராக ஹைதராபாத்தில் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். அடுத்த தலைமுறையில் அவர் மகன் அர்ஜன் கிருபால் சிங், 1988-89இல் கோவா அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 302 ரன்கள் எடுத்தார். அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி.ராமன் 313. தமிழ்நாடு ஆறு விக்கெட்டுக்கு 912 ரன்களில் டிக்ளேர் செய்தது. கோவாப் பந்துவீச்சாளர்களை நினைத்தால் இன்றும் பாவமாகத்தான் இருக்கிறது.

இருப்பினும், இந்த அணியின் இயல்பான பலம் மட்டையில் இல்லை, சுழற்பந்தில் இருக்கிறது என்பதே என் கணிப்பு. வி.வி.குமாரின் லெக் ஸ்பின்னும் எஸ்.வெங்கட்ராகவனின் ஆஃப் ஸ்பின்னும் ஒரு காலகட்டத்தையே ஆண்டன. ரஞ்சியில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தவர் வெங்கட்ராகவன். பின்னர் வந்த எஸ்.வாசுதேவனும், அஸ்வினும், 2023-24 பருவத்தில் கேப்டனாக இருந்துகொண்டே 53 விக்கெட்டுகளுடன் போட்டித் தொடரில் முதலிடம் பெற்ற சாய் கிஷோரும் அதே வரிசையில் வருபவர்கள். இதற்கு ஆடுகளமும் சென்னை லீக்கும் காரணங்கள். நிறுவனங்கள் வேலையும் சம்பளமும் கொடுத்து நடத்தும் முதல் டிவிஷன் அணிகளில், ஒரு சுழற்பந்து வீச்சாளர் பதின்பருவம் முதலே அனுபவசாலிகளான மட்டையாளர்களுக்கு எதிராக நாள் முழுவதும் வீசிப் பழகுகிறார். வெளி மாநிலங்களிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்து ஆடவைக்கும் வழக்கம் இந்த லீக்கில் நெடுங்காலமாக உண்டு என்பதால், எதிரில் நிற்பவர் உள்ளூர்ப் பையனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

ஆகவே பார்வையாளர்களுக்கு என் யோசனை: இரண்டாம் நாள் பிற்பகலோ மூன்றாம் நாளோ போங்கள். முதல் நாள் காலையில் வேகப்பந்து வீச்சாளர்கள் புதுப் பந்துடன் உழைப்பதும் காணத்தக்கதே. ஆயினும் ஆடுகளம் தேய்ந்து, மட்டையாளரைச் சுற்றி சில்லி பாயிண்ட், ஷார்ட் லெக் எனப்படும் நெருங்கிய இடங்களில் களத்தடுப்பாளர்கள் வந்து குந்திக்கொண்டபின் நிகழும் ஆட்டத்துக்கு அது ஈடாகாது. அரங்கில் கூட்டம் இல்லாததால் விக்கெட் கீப்பர் பந்துவீச்சாளரிடம் தமிழில் சொல்லும் திட்டம் கூடச் சில வேளை காதில் விழும். தொலைக்காட்சி தராத வசதி இது. திறந்திருக்கும் பகுதிகளுள் பந்து வீசப்படும் திசைக்கு நேர் பின்னால் உள்ள இருக்கைகளைத் தேர்ந்தெடுத்தால் பந்து திரும்பும் அளவு தெளிவாகத் தெரியும். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் மைதானம் பக்கம்தான். உணவு இடைவேளை நாற்பது நிமிடம். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே வரை நடந்து சாம்பாரில் மிதக்கும் இட்லியை முடித்துக்கொண்டு திரும்ப அது போதுமா என்பது அவரவர் நடையின் வேகத்தைப் பொறுத்தது.

இனி குறைகளுக்கு வருவோம். கோப்பையை எதிர்பார்த்து இந்த அணியைப் பின்தொடர்பவர்களுக்கு மிகுந்த பொறுமை வேண்டும். பன்னிரண்டு முறை இறுதிப் போட்டிக்குச் சென்று இரண்டே முறை வென்ற அணி இது. இரண்டாவது வெற்றி, 1987-88இல் வாசுதேவன் தலைமையில் இதே சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை இன்னிங்ஸ் மற்றும் 144 ரன்களில் தோற்கடித்தது. அதன்பின் ஆறு முறை இறுதிப் போட்டிக்குப் போய் ஆறிலும் தோல்வி. சொந்த மண் என்பதும் பெரிதாக உதவியதில்லை. 1972-73 இறுதிப் போட்டியில் பம்பாயை 151, 113 என இரு முறையும் அடக்கிவிட்டு, சுழலுக்கு ஏற்ற அதே ஆடுகளத்தில் பம்பாயின் சுழற்பந்து வீச்சாளர் பத்மாகர் சிவால்கரிடம் 80, 61 என்று சரணடைந்தார்கள்; மூன்றாம் நாளின் முதல் பந்தோடு கதை முடிந்தது. தான் விரித்த வலையில் தானே விழுவது என்றால் இதுதான். 2011-12 இறுதிப் போட்டியில் ராஜஸ்தான் முதல் இன்னிங்ஸில் 621 ரன்களைக் குவித்தபோது, ஆட்டம் டிரா ஆனால் கோப்பையைத் தீர்மானிக்கும் முதல் இன்னிங்ஸ் முன்னிலை யாருக்கு என்பது பாதி ஆட்டத்திலேயே தெரிந்துவிட, மீதி நாட்கள் வெறும் சம்பிரதாயமாயின. 2023-24 அரையிறுதியில் மும்பையை 106 ரன்களுக்கு ஏழு விக்கெட் என்ற நிலைக்குத் தள்ளிய பிறகு, ஷர்துல் தாக்கூரை 109 ரன்கள் எடுக்கவிட்டு, இன்னிங்ஸ் தோல்வியோடு திரும்பியதையும் இதே பட்டியலில் சேர்க்கலாம். என் பார்வையில் இவற்றிற்கெல்லாம் பொதுவான காரணம், முக்கியமான ஆட்டங்களில் மட்டையாளர்கள் ஒரு செஷனில் கொத்தாக விழுவதே.

ஒருநாள், டி-20 ஆகிய வெள்ளைப் பந்துக் கிரிக்கெட்டில் கதை வேறு. ஒருநாள் போட்டியான விஜய் ஹசாரே கோப்பையில், பகிர்ந்துகொண்ட ஒன்றையும் சேர்த்து, ஐந்து பட்டங்கள். டி-20 கோப்பை மூன்று முறை. 2021 டி-20 இறுதிப் போட்டியில் கடைசிப் பந்துக்கு ஐந்து ரன் தேவைப்பட, கர்நாடகாவுக்கு எதிராக ஷாருக் கான் அடித்த சிக்ஸரை நினைவில் வைத்திருப்பவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக நாராயண் ஜெகதீசன் 277 ரன்கள் எடுத்தார், அணி 506. வியக்கத்தக்க எண்கள்தான் எனினும், எதிரணியின் தரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் கொஞ்சம் சலிப்பூட்டும் ஆட்டம் அது.

ஒரு நடைமுறை எச்சரிக்கையும் உண்டு. தமிழ்நாட்டின் உள்ளூர் ஆட்டங்கள் எல்லாமே சேப்பாக்கத்தில் நடப்பதில்லை. கோயம்புத்தூர், நத்தம், சேலம் ஆகிய இடங்களிலும் சென்னைப் புறநகர்க் கல்லூரி மைதானங்களிலும் நடக்கின்றன. வெளியூர் ரசிகர்களுக்கு இது நல்ல செய்தியே. ஆனால் நிழலற்ற மைதானமாக இருந்தால் பிற்பகல் வெயில் கொல்லும். மேலும், அண்மைப் பருவங்களில் ரஞ்சி லீக் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டு, இடையில் வெள்ளைப் பந்துப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. அக்டோபர், நவம்பர் மாத ஆட்டங்கள் வடகிழக்குப் பருவமழையோடு மோதுவதால், இரண்டாம் கட்டம் தொடங்கும் ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆட்டம் அமைந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே உத்தமம்.