லென்ஸைக் காக்கப் போய் 225 வெள்ளி இழந்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உறவினர் திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் ஆர்வத்தின் பேரில் படமெடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது, முன்புறத் திருகு விட்டம் 77 மி.மீ. உள்ள கேனன் 24-105 எஃப்/4 எல் ஜூம் லென்ஸ். பக்கவாட்டு ஒளி விழாமல் மறைக்க அதன் முகப்பில் மாட்டும் இதழ் வடிவ ஹூட் தோட்டத்துத் தீமிதி நெரிசலில் தொலைந்துபோனதால், புதிய ஹூட் ஒன்றும், முன்கண்ணாடியில் கீறல் விழாமலிருக்க புறஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி ஃபில்டர் கண்ணாடி ஒன்றும் வாங்கக் கடைக்குப் போனேன். விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

“அண்ணே, இது மல்டி கோட்டிங், அசல் சரக்கு” என்று கடைக்காரத் தம்பி ஃபில்டர் பெட்டியைக் காட்டினார். ஒளி பட்டுத் திரும்பாமலிருக்கப் பல அடுக்குப் பூச்சு பூசியது என்று பொருள். பெட்டியிலும் அப்படியே அச்சிட்டிருந்தது. விலை 180 வெள்ளி. ஹூட் கேட்டதற்கு, எல்லா 77 லென்ஸுக்கும் பொருந்துமென்று சொல்லி, ஃபில்டரின் மேலேயே திருகும் நீண்ட உலோக வளையம் ஒன்றை 45 வெள்ளிக்கு மாட்டிவிட்டார். ரசீதில் ‘அக்செசோரி’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. அப்போதே விவரமாக எழுதித் தரும்படி கேட்காதது என் தவறு.

அக்காள் மகளின் திருமண வரவேற்பில்தான் குட்டு வெளிப்பட்டது. மேடையின் வலது மேல்மூலையில் எரிந்த ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பச்சைப் புள்ளி, படத்தின் நடுவுக்கு நேர் எதிராக இடது கீழ்மூலையில் விழுந்திருந்தது. ஒரு படத்தில் மணமகளின் பட்டுப்புடவை மீதே மூன்று. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும் என்பதால், கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி ஃபில்டரின் தட்டைப் பரப்பில் மோதி மீண்டும் உள்ளே வந்து இப்படிப் போலிப் பிம்பமாகிறது. மறுநாள் பகலில் எடுத்த குடும்பப் படத்திலோ நான்கு மூலைகளும் கருத்திருந்தன. அந்த ஹூட் தொலைதூர லென்ஸுக்கானது, 24 மி.மீ. அகலப் பார்வையில் அதன் விளிம்பே படத்துக்குள் வந்துவிட்டது. என் லென்ஸுக்குரியது ஈ.டபிள்யூ.-83எச் என்னும் ஹூட். அது திருகில் ஏறாது, லென்ஸின் வெளிவிளிம்பில் பூட்டிக்கொள்ளும்.

வீட்டுக் குழல்விளக்கின் கீழ் ஃபில்டரைச் சாய்த்துப் பார்த்தேன். பல அடுக்குப் பூச்சு இருந்தால் விளக்கின் பிம்பம் மங்கி, பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். இதில் சன்னல் கண்ணாடியில் தெரிவதுபோல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அரை நிமிட வேலை, கடையிலேயே செய்திருக்கலாம். இத்தனைக்கும் டிஜிட்டல் கேமராவின் சென்சார் முன்னுள்ள கண்ணாடியே புறஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், எனக்கு அந்த ஃபில்டர் கீறலுக்குக் காவல் என்பதைத் தவிர வேறு எதற்கும் தேவைப்படவில்லை.

திருப்பிக் கொண்டுபோனபோது, “வித்த சாமானை எடுக்க மாட்டோம், ரசீதுலயே சாப் இருக்கு பாருங்கண்ணே” என்றார். அந்த முத்திரை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை மீற முடியாது. விற்ற பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று அச்சட்டமே சொல்கிறது. ஆகவே, 5 வெள்ளி கட்டணம் செலுத்திப் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுத்து, பெட்டியையும் ரசீதையும் புள்ளி விழுந்த அந்தப் புடவைப் படத்தையும் இணைத்திருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. லென்ஸில் இப்போது ஃபில்டர் இல்லை. சரியான ஹூட் மட்டும் பூட்டியிருக்கிறது.