சாப்பாடா, மாத்திரையா, ட்ரிப்ஸா: இரும்புச்சத்து குறைந்த பெண்ணுக்கு எது பொருந்தும்?

இரும்புச்சத்து குறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் மூன்று வழிகள் பேசப்படும்: சாப்பாட்டை மாற்றுவது, மாத்திரை எடுப்பது, நரம்பு வழியே ட்ரிப்ஸில் ஏற்றிக்கொள்வது. அதற்கு முன்பு, எந்தப் பரிசோதனையை நம்புகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பலருக்கு அங்கேயே தவறிவிடுகிறது.

வழக்கமாகப் பார்ப்பது ஹீமோகுளோபின். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் உடல் முதலில் சேமிப்பில் உள்ள இரும்பை எடுத்துச் செலவழிக்கும்; அது தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 30-க்குக் கீழே வந்தாலே கவனிக்கும் மருத்துவர்களும் நிறைய உண்டு. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. ஹீமோகுளோபின் 12.5, ஃபெரிட்டின் 9 என்று வந்த பெண்ணை ‘எல்லாம் நார்மல்’ என்று அனுப்பிவிடுவது அநியாயம். ரத்தசோகை இல்லாத, ஆனால் காரணம் தெரியாத சோர்வோடும் 50-க்குக் கீழான ஃபெரிட்டினோடும் இருந்த பெண்களுக்கு 12 வாரம் இரும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களுக்குச் சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்: உடலில் தொற்றோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் ஏறிவிடும், குறைபாட்டை மறைத்துவிடும்.

சரி, சாப்பாடு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் போச்சு. தோல், குடல் வழியாக நாளுக்கு 1 மில்லிகிராம் அளவில் இழப்பது தனி. ஆக மாதச் செலவு 70 மில்லிகிராம். நல்ல சாப்பாட்டிலிருந்து உடலுக்குள் போய்ச் சேர்வதோ நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். குறைபாடு வந்தால் குடல் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும், என்றாலும் அதிக உதிரப்போக்கு உள்ள பெண்ணால் காலியான சேமிப்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது. ‘ஒழுங்கா சாப்பிடுறதில்லை’ என்று அவளைக் குறை சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. இறைச்சியில் உள்ள இரும்பு எளிதில் சேரும், கீரை, பருப்பில் உள்ளது குறைவாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் இன்னும் குறையும். இவையெல்லாம் நிரம்பிய சேமிப்பைக் காப்பாற்ற உதவுபவை.

எனவே பெரும்பாலானவர்களுக்கு மாத்திரைதான் முதல் வழி. ஃபெரஸ் சல்ஃபேட், ஃபியூமரேட், குளுக்கோனேட் என்று வகைகள் இருக்கின்றன. அட்டையில் மொத்த எடை எவ்வளவு என்பதைவிட அதில் தனி இரும்பு எவ்வளவு என்றுதான் பார்க்கவேண்டும்: 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டில் இரும்பு 65 மில்லிகிராம். வயிற்றைக் கெடுக்காது என்று விற்கப்படும், மெதுவாகக் கரையும் மாத்திரைகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரும்பு அதிகம் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில். இவை பெரும்பாலும் அந்த இடத்தைத் தாண்டித்தான் கரைகின்றன.

தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா? இதில்தான் சமீப ஆண்டுகளில் பார்வை மாறியிருக்கிறது. இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடலின் கதவை ஏறக்குறைய ஒரு நாளுக்குச் சாத்திவைக்கிறது. இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், 60 மில்லிகிராமைத் தினமும் எடுத்தவர்கள் அதில் 16.3 சதவீதத்தை உறிஞ்சினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்கள் 21.8 சதவீதம். ஒரே நாளில் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்ததிலும் லாபம் தெரியவில்லை. உறிஞ்சப்படாத இரும்புதான் குமட்டல், மலச்சிக்கல், வயிற்றுவலிக்கெல்லாம் காரணம். அதனால் பாதியில் மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் ஏராளம். தினமும் எடுத்தால் அதே காலத்தில் மொத்தமாகச் சேரும் இரும்பு அதிகம் என்பது உண்மைதான். ரத்தசோகை கடுமையாக இருந்தால் மருத்துவர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே வேளை என்பதுதான் என் தேர்வு, தொடர்ந்து எடுக்க முடிவதால். கூடவே வைட்டமின் சி மாத்திரை வேண்டுமா என்றால், 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அது ஹீமோகுளோபினைக் கூடுதலாக உயர்த்தவில்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி விடவேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதமாவது தொடரவேண்டும், இல்லாவிட்டால் சேமிப்பு நிரம்பாது.

ட்ரிப்ஸில் ஏற்றும் இரும்பு குடல் வழியாகப் போகாமல் நேரே ரத்தத்துக்குப் போகிறது. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் போன்ற மருந்தில் ஒரே தடவையில் 1000 மில்லிகிராம் வரை ஏற்றலாம். இரும்பு சுக்ரோஸ் என்றால் பல தடவை போகவேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், குடல் அழற்சி நோய் உள்ளவர்கள், உடல் எடைக்காக இரைப்பை அறுவை செய்தவர்கள், மாத்திரையால் ஈடுகட்ட முடியாத அளவுக்கு ரத்தம் போகிறவர்கள், இவர்களுக்குத் தயங்காமல் இதைக் கேட்கலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பார்கள். கடுமையான ஒவ்வாமை அரிது, ஆனாலும் அதைச் சமாளிக்க வசதியுள்ள இடத்தில்தான் ஏற்றவேண்டும். கார்பாக்சிமால்டோஸ் சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டை இறக்கிவிடும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் நெடுநாள் மறையாத பழுப்புக் கறை விழும். ‘சீக்கிரம் ஏறும்’ என்பதற்காக மட்டும் இதற்குப் போக வேண்டியதில்லை.

எந்த வழியை எடுத்தாலும் ரத்தம் எங்கே போகிறது என்று தேடாமல் விடக்கூடாது. அதிக உதிரப்போக்கு இருந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு, பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு இரும்புக் குறைபாட்டோடு ரத்தசோகை வந்தால், இரைப்பையையும் பெருங்குடலையும் எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி செய்து பார்க்கவேண்டும். மாத்திரையில் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது; பெருங்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறி சிலருக்கு இதுவாகத்தான் இருக்கிறது.