குளாக் கைத்துப்பாக்கியின் பிடியை வெட்டிக் குட்டையாக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

டல்லாஸ் பக்கம் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். "பிடியைக் குட்டையாக்கித் தருகிறோம், சட்டைக்குள் தெரியவே தெரியாது" என்று படம் படமாகப் போட்டு ஆள் பிடிக்கும் கேரேஜ் கடைகள் இங்கே கூடிக்கொண்டே போகின்றன. அப்படி ஒரு கடைக்குப் போன என் குளாக் 19 பாழாகித் திரும்பி வந்திருக்கிறது. பணம் பாதி போனது. விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

பிடியை எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இடுப்பில் பேன்ட்டுக்கு உட்புறமாக ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) வைத்தால் குழல் முழுக்க உள்ளே போய்விடும், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் கவலையில்லை. காட்டிக்கொடுப்பது பிடியின் பின்பக்க மூலைதான். குனிந்தாலோ காரிலிருந்து இறங்கினாலோ சட்டை அந்த மூலையில் கூடாரம் அடித்து நிற்கும். டெக்ஸஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம், ஹோல்ஸ்டரில் வெளியே தெரிந்தாலும் குற்றமில்லை. சட்டம் அப்படி என்றாலும், காய்கறிக் கடையில் பக்கத்தில் நிற்கும் அம்மா என் இடுப்பைப் பார்த்துப் பதறுவதை நான் விரும்புவதில்லை.

குளாக் 19, பிடிக்குள் செருகும் மேகசினோடு (குண்டுகள் அடுக்கும் பெட்டி) சேர்த்து சுமார் 128 மில்லிமீட்டர் உயரம். அதன் தம்பி குளாக் 26 சுமார் 106. விஷயமே அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. 19-இன் ஃபிரேமை (பிடியோடு சேர்ந்த கீழ் உடல்) அடியில் வெட்டி 26-இன் அளவுக்குக் கொண்டுவந்தால், 15 குண்டு மேகசினுக்குப் பதில் 26-இன் 10 குண்டு மேகசின் போட்டுக்கொள்ளலாம். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் குழலும் பழையபடியே இருக்கும். 2018-இல் குளாக் கம்பெனி 19எக்ஸ் என்று ஒன்றை விட்டது, ஆனால் அது நேர்மாறு: 19-இன் ஸ்லைடு, அதைவிடப் பெரிய குளாக் 17-இன் நீளமான பிடி. 19-இன் ஸ்லைடோடு குட்டைப் பிடி வேண்டும் என்றால் வெளியே போய் வெட்டித்தான் ஆக வேண்டும். இந்தக் கடைகளின் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

பேசியது 350 டாலர். அடியை வெட்டுவது, விரல் மேடுகளை எடுப்பது, பிடியின் பின்புறம் புடைத்திருக்கும் திமிலைத் தேய்த்து மெலிதாக்குவது, கைக்கு வழுக்காமல் சூடு வைத்துச் சொரசொரப்பாக்குவது எல்லாம் சேர்த்து. பாதி அட்வான்ஸ் ஸெல்லில்தான் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) வேண்டும் என்றார்கள், மீதியைக் கார்டில் வாங்கிக்கொண்டார்கள். சொன்ன தேதி போய் வெகு நாள் கழித்துத்தான் துப்பாக்கி கைக்கு வந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய் 26-இன் மேகசினை ஏற்றினேன். 'க்ளிக்' சத்தம் வரவில்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டியதும் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முதல் குண்டு சுட்ட அதிர்வில் மேகசின் கழன்று மேசை மேல் விழுந்தது. தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கி இது. ஒரே குண்டோடு நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அடியை நேராக வெட்டவில்லை. இடது ஓரம் வலதைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. மேகசினின் அடித்தட்டு அந்த ஓரத்தில் முட்டிக்கொள்கிறது, அதனால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய கொக்கி மேகசினில் உள்ள பள்ளத்தை எட்டுவதில்லை. அப்புறம், சூட்டுக்கோலை ஒரே இடத்தில் அதிக நேரம் அழுத்தியிருக்கிறார்கள். ஃபிரேமின் பாலிமர் (பிளாஸ்டிக்) இளகி உள்சுவர் புடைத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் காலி மேகசின் தானாக விழ வேண்டும், இதில் சுடும் அதிர்வு இல்லாவிட்டால் நகத்தை வைத்து இழுக்க வேண்டியிருக்கிறது. குளாக்கின் பிடியில் பின்பக்கம் உள்ளே வெற்றிடம் உண்டு. திமிலைத் தேய்ப்பவர்கள் முதலில் அதில் எபாக்ஸியை (இறுகிக் கல்லாகும் பசை) நிரப்பிக்கொண்டு, பிறகுதான் வெளியே ராவுவார்கள். இவர்கள் ராவிய ராவலில் ஓர் இடத்தில் பாலிமரே தீர்ந்துபோய் எபாக்ஸி சாம்பல் நிறப் பொட்டாக வெளியே தெரிகிறது. அந்த எபாக்ஸியும் சரியாகப் பிடிக்கவில்லை, காதருகே வைத்து ஆட்டினால் லொடலொடவென்று கேட்கிறது.

கடைக்காரரிடம் காட்டினேன். "பிளாஸ்டிக் அப்படித்தான், சுடச் சுடப் பழகிவிடும்" என்றார். பிறகு மேகசின்மேல் பழியைப் போட்டார். வேறொரு புது மேகசினிலும் அதே கதை என்று காட்டியதும், மறுபடி வெட்டிச் சரிசெய்ய இன்னும் 120 டாலர் ஆகும் என்றார். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேலைத்தரம் அல்ல. ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் துப்பாக்கியின் சீரியல் நம்பரே இல்லை. அமெரிக்காவில் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) வேலையைத் தொழிலாகச் செய்ய, துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏடிஎஃப் தரும் மத்திய லைசென்ஸ் (எஃப்எஃப்எல்) வேண்டும். வாடிக்கையாளரின் துப்பாக்கி ஓர் இரவு கடையில் தங்கினாலே அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போது அதையும் எழுத வேண்டும். லைசென்ஸ் நம்பர் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன், பதிலாக ஒரு நம்பர் வந்தது. ஏடிஎஃப்பின் இணையதளத்தில் 'எஃப்எஃப்எல் ஈஸி செக்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. நம்பரின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்து இலக்கங்களையும் போட்டால் லைசென்ஸ் யாருடையது, எந்த முகவரிக்கு என்று காட்டிவிடும். இவர் கொடுத்த நம்பர் வேறு ஆளுடையது, வேறு ஊர். "நண்பருடைய லைசென்ஸின் கீழ் செய்கிறோம்" என்று ஒரு வரி வந்தது. லைசென்ஸ் என்பது குறிப்பிட்ட ஆளுக்கும் குறிப்பிட்ட இடத்துக்கும் கொடுப்பது, நண்பனிடம் பைக்கை இரவல் வாங்குவதுபோல வாங்கிக்கொள்ள முடியாது. அந்த கேரேஜிலிருந்து என் துப்பாக்கி திருடு போயிருந்தால்? போலீஸ் சீரியல் நம்பரைப் பிடித்துத் தயாரிப்பாளர், விற்ற கடை என்று தேடி நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். அது இவரிடம்தான் இருந்தது என்று காட்ட என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்திருக்காது.

பாழான ஃபிரேமை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று நினைக்கலாம். சட்டத்தின் கண்ணில் குளாக்கின் ஃபிரேம்தான் துப்பாக்கி, சீரியல் நம்பர் பொறித்த தகடு அதில்தான் பதிந்திருக்கிறது. ஸ்பிரிங் வாங்குவதுபோல அதைத் தனியாக வாங்கிப் போட்டுவிட முடியாது. கடையில் நிரப்பும் மத்திய அரசின் 4473 படிவம், பின்னணிச் சோதனை என்று துப்பாக்கி வாங்கும் எல்லாச் சடங்கும் உண்டு. வெட்டிய ஃபிரேமுக்குக் கம்பெனி வாரண்டியையும் எதிர்பார்க்க முடியாது.

சிக் சாவர் கம்பெனியின் பி365 கைத்துப்பாக்கியில் இந்தத் தொல்லை இல்லை. அதில் சீரியல் நம்பர் உள்ளே இருக்கும் டிரிகர் தொகுதியில் இருக்கிறது. வெளியே இருப்பது வெறும் பிடி. குட்டையோ நெட்டையோ வேண்டியதைத் தபாலில் வரவழைத்து வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். குளாக்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் 26-ஐயே வாங்கிவிடுங்கள். அதன் குழல் கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். இதையும் மீறி வெட்டத்தான் வேண்டும் என்றால், சீரியல் நம்பரைப் பதிவேட்டில் உங்கள் கண் முன்னால் எழுதும் கடையாகப் பாருங்கள். உங்கள் மேகசினையும் சேர்த்துக் கொடுத்து, சுட்டுப் பார்த்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வெளியூர்க் கடை என்றால் அஞ்சலகத்துக்குப் போகாதீர்கள். சாதாரண ஆட்கள் கைத்துப்பாக்கியை அங்கே அனுப்ப முடியாது.

ஹெச்1பி விசாவில் இருக்கும் தம்பிகள் சிலர் இதைப் பற்றிக் கேட்டார்கள். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். பிடி இருக்கட்டும், முதலில் வக்கீலைப் பாருங்கள்.

கார்டில் கொடுத்த பாதி திரும்ப வந்துவிட்டது. பேசியபடி வேலை நடக்கவில்லை என்று ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். படங்களையும் அந்தச் செய்திகளையும் இணைத்து அனுப்பினேன். ஸெல்லில் போனதை வங்கி கைகழுவிவிட்டது, நானாக அனுப்பிய பணமாம். அதற்கும் ஃபிரேமுக்கும் சேர்த்து சிறு தொகை வழக்குகளை எடுக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன். டெக்ஸஸில் 20,000 டாலர்வரை வக்கீல் இல்லாமலே அங்கே வழக்குப் போடலாம். லைசென்ஸ் விவகாரத்தை ஏடிஎஃப்புக்குத் தனியாக எழுதியாயிற்று. விசாரணைவரை வெட்டுப்பட்ட ஃபிரேமை யாரும் தொடக் கூடாது என்பதால் சரிசெய்யவும் கொடுக்கவில்லை. கார்டு கம்பெனிக்கு எழுதிய கடிதம் யாருக்காவது உதவும் என்றால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.