காவிரிக்கரையில் ஒரு பழைய வீடு: வெளிநாட்டு விருந்தாளிகளோடு தங்கிப் பார்த்தது

வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரர்களை டெல்டாவில் எங்கே தங்க வைப்பது என்று யார் கேட்டாலும் இனி நான் சொல்லப்போவது இந்த வீட்டைத்தான். திருவையாறு–கும்பகோணம் சாலையிலிருந்து ஆற்றுப் பக்கமாக உள்ளே போகும் ஒரு கிராமம். இரண்டு கட்டு வீடு, தாத்தா காலத்துக் கட்டடம். சொந்தக்காரர்கள் ஒரு பாதியில் குடியிருந்துகொண்டு மறுபாதியில் 4 அறைகளை நாள் வாடகைக்கும் மாத வாடகைக்கும் விடுகிறார்கள். குறைகளையும் எழுதப்போவதால் பெயரைப் போடவில்லை. அவற்றை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நான் மயிலாடுதுறைக்காரி, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். என் தம்பி ஹாம்பர்க்கில் குடியேறி ஜெர்மன் குடிமகனாகிவிட்டான். இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருக்கிறான். மனைவி அந்த ஊர்ப் பெண். குளிர்காலத்தை வெயில் ஊரில் கழிக்க வேண்டும் என்பது இருவருக்கும் பல வருஷத்து ஆசை. தாய்லாந்தைப் பார்த்தார்கள். அங்கே வெளிநாட்டவர் தன் பெயரில் நிலம் வாங்குவது நடக்கிற காரியமில்லை. அடுக்குமாடியில் காண்டோ வாங்கலாம், அதுவும் அந்தக் கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கைக்குப் போகக் கூடாது. அப்புறம் மீகாங் ஆற்றில் சொகுசுக் கப்பலில் கம்போடியாவிலிருந்து வியட்நாம் வரை போய் வந்தார்கள். அது பிடித்துப்போய், "அக்கா, காவிரியில இப்படி ஏதாவது இருக்கா, விசாரிச்சுப் பாரேன்" என்று தம்பி போன் செய்தான்.

விசாரித்தேன். ஒரு சுற்றுலா ஏஜென்சி 'காவிரி லக்ஸுரி குரூஸ்' என்றே விளம்பரம் போட்டிருந்தது. படத்தில் இருந்தது கெட்டுவள்ளம், கேரளத்துப் படகுவீடு. பின்னால் தென்னை வரிசை, அகலமான காயல். ஆலப்புழைக்கு ஒரு தடவை போனவர்கள்கூடப் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். போனில் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், முத்துப்பேட்டையில் வனத்துறைப் படகில் ஏற்றிவிடுவோம் என்றார்கள். அதற்குக் கேட்ட தொகை ஒரு குடும்பம் கேரளாவில் படகுவீட்டிலேயே ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரும் அளவு, பாதியை முன்பணமாக வேறு கட்டச் சொன்னார்கள். ஊர் தெரிந்த என்னிடமே இப்படிப் பேசுகிறவர்கள், எங்கோ உட்கார்ந்து படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்புகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

காவிரியில் சொகுசுக் கப்பல் ஓடாது. 2016-ல் வந்த தேசிய நீர்வழிச் சட்டத்தில் 111 நீர்வழிகள் இருக்கின்றன, காவிரி–கொள்ளிடமும் அதில் ஒன்று. பட்டியலில் பெயர் இருந்தால் ஆற்றில் ஆழம் வந்துவிடாது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், அணை இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். மூடிவிட்டால் மாசி, பங்குனியில் இங்கே மணல்தான். தண்ணீர் ஓடும் மாதங்களிலும் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்துவிடுகிறது. கீழே வர வர குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளைகள், வழி நெடுக மதகு, ரெகுலேட்டர், ஷட்டர். எல்லாம் வயலுக்குத் தண்ணீரைப் பங்கு போடுவதற்கான ஏற்பாடு. 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் கிளம்பிய கங்கா விலாஸ் என்ற சொகுசுக் கப்பல் 62 மீட்டர் நீளம், 18 அறைகள், 36 பயணிகள். 51 நாளில் வங்கதேசம் வழியாக அசாமின் திப்ருகர் வரை சுமார் 3,200 கிலோமீட்டர். அந்த மாதிரிக் கப்பல் வேண்டுமென்றால் கங்கைக்கும் பிரம்மபுத்திராவுக்கும் போக வேண்டும். மீகாங்கிலேயே தண்ணீர் இறங்கும் மாதங்களில் கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியைக் கப்பல் கடக்க முடியாமல், பயணிகளை சியம் ரீப்பிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போய்த்தான் ஏற்றுவார்கள் என்று தம்பி மனைவி சொன்னாள்.

ஆற்றின் மேலே போக முடியாது, சரி, ஆற்றோடு இருக்க முடியுமா என்று தேடியபோது கிடைத்ததுதான் இந்த வீடு. பொங்கல் கழிந்ததும் போனோம்.

வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, ரேழி தாண்டினால் முற்றம். குரங்கு இறங்காமலிருக்க மேலே இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் முற்றத்தில் விழுந்து, மூலையில் உள்ள தூம்பு வழியாகக் கொல்லைக்குப் போகிறது. தரை முழுக்கச் சிவப்பு ஆக்ஸைடு, பல தலைமுறை நடந்து நடந்து மெருகேறியது. உடைந்த இடங்களில் டைல்ஸ் ஒட்டாமல் அதே சிவப்பு சிமெண்டையே பூசியிருக்கிறார்கள். புதுசு கொஞ்சம் அடர்நிறமாகத் தெரிகிறது, அதை மறைக்கவும் முயலவில்லை. பழைய வீட்டை ஓட்டலாக்குகிறேன் என்று தூணுக்கெல்லாம் வார்னிஷ் அடித்து, முற்றத்தில் ஃபைபர் கூரை போட்டு மூடியவர்களை இந்தப் பக்கம் நிறையப் பார்த்துவிட்டேன். இங்கே முற்றம் முற்றமாகவே இருக்கிறது. தாழ்வாரம் அதனால்தான் மத்தியானத்திலும் புழுங்கவில்லை.

அறைகளில் ஏசி உண்டு, தை மாதத்தில் அதற்கு வேலை வரவில்லை. கொசுவலைக்குத்தான் வேலை. சுற்றிலும் வயல், சம்பா அறுப்பு நேரம். சாயங்காலம் 5 மணிக்கே ஒரு அம்மா வந்து வலையை இறக்கி மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டுப் போகிறார். வலையில் ஒரு ஓட்டைகூட இல்லை. குளியலறைகளைப் பழைய மாட்டுக்கொட்டகை இருந்த பக்கத்தில் புதிதாகக் கட்டி, அறைகளோடு இணைத்திருக்கிறார்கள். குளிக்கிற இடத்தைக் கண்ணாடி போட்டுப் பிரித்திருப்பதால் மற்ற இடத்தில் தரை ஈரமில்லை. வெளிநாட்டவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சமையல் சைவம் மட்டும். அதே தெருவில் குடியிருக்கும் ஒரு மாமி சமைக்கிறார். முதல் நாளே, "காரம் எவ்வளவு தாங்குவீங்கம்மா?" என்று தம்பி மனைவியிடமே கேட்டுக்கொண்டார். கேட்டதோடு சரி, வெள்ளைக்காரர்களுக்கு என்று தனியாக ரொட்டியும் ஜாமும் வைத்து ஒதுக்கவில்லை. இட்லிக்குக் கடப்பா வந்தது: பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் வேக வைத்து, தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்டு, பட்டை கிராம்பு தாளித்தது. மத்தியானம் வாழையிலையில் வாழைப்பூ உசிலி, மோர்க்குழம்பு, முளைக்கீரை. காபியைக் கேட்டால் அப்போதே டிகாக்ஷன் இறக்கித் தருகிறார்கள், பிளாஸ்கில் போட்டு வைப்பதில்லை.

இந்த வீட்டின் மேல் எனக்கு மரியாதை வந்தது படித்துறையில்தான். கொல்லைக் கதவைத் திறந்தால் நேரே காவிரி. இந்த மாதிரி இடங்களில் முதலில் செய்வது, வேலி போட்டு 'தனியார் இடம்' என்று பலகை வைப்பது. இங்கே படித்துறையை ஊருக்கே விட்டிருக்கிறார்கள். காலையில் பெண்கள் துவைக்க வருகிறார்கள், பையன்கள் குதிக்கிறார்கள், ஒரு தாத்தா சூரிய நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போகிறார். வீட்டுப் பெரியவர் முதல் நாள் சாயங்காலமே எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "குளிக்கிறவங்களை போட்டோ எடுக்காதீங்க. அவங்க படித்துறைக்கு நாமதான் விருந்தாளி." அதையே ஆங்கிலத்தில் எழுதி அறைக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டியிருக்கிறார். பாசி பிடிக்காமல் தினமும் விடியற்காலையில் படிகளைத் தேய்த்துக் கழுவ ஓர் ஆள், ஓரமாக இரும்புச் சங்கிலி, எதுவரை இறங்கலாம் என்று வெள்ளைக் கோடு. தம்பி மனைவி தினமும் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "அண்ணி, கப்பல்ல தண்ணியத் தொடவே முடியல" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

படகில் போக வேண்டும் என்ற ஆசையையும் விடவில்லை. ஒரு நாள் காரில் மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டை போனோம். ஏஜென்சி வேண்டியதில்லை, வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கி அவர்கள் படகிலேயே போகலாம். கோரையாற்றில் போய் அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து கடற்காயல் வரை. சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சாய்த்த காடு இது. நிழலுக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர், சாப்பாடு எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். சொகுசு எதுவும் கிடையாது, போய் வர ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். ஆனாலும் போங்கள்.

இனி, நீண்ட நாள் தங்குவது பற்றி. வெளிநாட்டவர் வந்து இறங்கினால் தங்க இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும். 'சி ஃபார்ம்' என்றே எல்லோரும் சொல்லிப் பழகியது. இது தெரியாமல் அல்லது பயந்துகொண்டு சின்ன லாட்ஜுகள் வெளிநாட்டவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இந்த வீட்டில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் நகலெடுத்து அன்று ராத்திரியே முடித்துவிட்டார்கள்.

மாத வாடகைக்கு விடும்போது பெரியவர் காட்டிய நேர்மை இன்னும் பெரிது. "இங்கேயே ஒரு வீடு வாங்கிடலாமா?" என்று தம்பி கேட்டபோது தரகரைக் கூப்பிடாமல், என்னென்ன பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்து சொன்னார். சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவர் இந்தியாவில் வீடு வாங்க முடியாது, 5 ஆண்டுக்கு மேற்படாத குத்தகையில் குடியிருக்கலாம். ஓசிஐ வைத்திருப்பவர் வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. திருமணம் பதிவாகி 2 ஆண்டு ஆகியிருந்தால் மனைவியையும் சேர்த்து ஒரு சொத்து வாங்க வழியிருக்கிறது. நம் ஊரில் சிக்கல் எங்கே என்றால், ஆற்றங்கரை வீடு என்று காட்டும்போது கொல்லையையும் சேர்த்தே காட்டுவார்கள். பட்டாவைப் பார்த்தால் வீடு நத்தம், அதாவது குடியிருப்பு மனை; கொல்லை நஞ்சை, அதாவது விவசாய நிலமாக இருக்கும். இன்னொன்று, அக்ரகாரத்திலும் சன்னதித் தெருவிலும் பல வீடுகளின் அடிமனை கோயிலுக்குச் சொந்தம். விற்கிறவர் கட்டடத்தை மட்டும்தான் விற்கிறார், மனைக்கு வாடகை போய்க்கொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. தம்பி வாங்கும் யோசனையை ஒத்திவைத்தான், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

குறைகள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும். சித்திரையில் தங்குபவர்களுக்கு அது போதாது. நிலைப்படிகள் உயரம், நிலைகள் தாழ்வு: முழங்கால் வலி உள்ள எனக்கும் ஆறடி உயரத் தம்பிக்கும் இரண்டுமே சிரமம். முற்றத்தைச் சுற்றி ஒரு கைப்பிடியாவது வைக்க வேண்டும். வைஃபை கூடத்தில் மட்டும் உருப்படியாக வருகிறது. மாத வாடகை ஒப்பந்தத்தில் முன்பணத்தை எப்போது, எவ்வளவு பிடித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள் என்று ஒரு வரி இல்லை. எழுதித் தரச் சொன்னேன், சேர்க்கிறோம் என்றார்கள்.

காலைச் சாப்பாட்டோடு ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 5,500 ரூபாய் வாங்கினார்கள். இந்தப் பக்கத்து விலைக்குக் கூடுதல்தான், கிடைப்பதற்குக் கொடுக்கலாம். தம்பியும் மனைவியும் அடுத்த டிசம்பருக்கு ஆற்றைப் பார்த்த அறையை மாத வாடகையில் பேசிவைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்புப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் திருச்சி விமான நிலையம் வசதி. படித்துறையில் தண்ணீர் வேண்டுமென்றால் ஜனவரி 20-க்குள் வந்துவிடுங்கள். வருவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டால், கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.