மூன்று ஆண்டுகளாக ஒரு வாட் மீட்டருடன்: இந்த யூனிட் எங்கிருந்து வருகிறது?

பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்திவருகிறேன். உள்ளங்கை அளவுதான். சுவரில் அதைச் செருகி, அதன்மேல் சாதனத்தின் பிளக்கைச் செருகினால், இப்போது எத்தனை வாட் இழுக்கிறது, இதுவரை எத்தனை யூனிட் ஆனது என்று காட்டும். மின் கட்டணம் எங்கே எகிறுகிறது என்று பார்க்கத்தான் வாங்கினேன். அந்த வேலை முதல் மாதத்திலேயே முடிந்துவிட்டது. அப்புறமும் ஏன் இதைக் கழற்றி வைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

முதலில் அளவுகள். ஒரு லிட்டர் தண்ணீரை எலெக்ட்ரிக் கெட்டிலில் கொதிக்கவைக்க ஏறக்குறைய 0.1 யூனிட். போனை ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்ய 0.02 யூனிட். என்னை யோசிக்கவைத்தது வைஃபை ரவுட்டர். 8 வாட்தான், ஆனால் இரவு பகலாக ஓடுகிறது. ஆண்டுக்கு 70 யூனிட்.

சரி, 70 யூனிட் என்றால் எவ்வளவு? மீட்டரில் அதற்குப் பதில் இல்லை. ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 3 மீட்டர் உயர மாடி ஒன்றை ஏறினால், உடம்பை மேலே தூக்குவதற்கு ஆகும் ஆற்றல் 2,000 ஜூலுக்குச் சற்று மேல். ஒரே ஒரு யூனிட்டுக்கு ஈடுகட்ட அப்படி 1,700 மாடிகளுக்கு மேல் ஏற வேண்டும். அதே யூனிட் அணையிலிருந்து வருவதென்றால், 100 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர் இறங்கி டர்பைனைச் சுழற்ற வேண்டும்.

நிலக்கரி என்றால் நல்ல தரமானதே கிட்டத்தட்ட அரை கிலோ எரிய வேண்டும். அனல்மின் நிலையத்தில் எரியும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் மின்சாரமாக மாறுவதே இல்லை, குளிர்விக்கும் நீரோடும் புகையோடும் போய்விடுகிறது. முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் என் ரவுட்டருக்கு மட்டும் ஆண்டுக்கு 35 கிலோ. மேசை ஓரத்தில் சத்தமில்லாமல் மினுக்கும் ஒரு பெட்டிக்கு ஒரு மூட்டை நிலக்கரி! அதில் இருப்பது 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக்காட்டு மரங்களின் இலையில் விழுந்த வெயில் என்று நினைக்கும்போது, இரவில் அதை அணைத்துவிட்டுத் தூங்கத் தோன்றுகிறது. இப்போது அணைத்துவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டிலிருந்து மீட்டரோடு எலெக்ட்ரிசிட்டி மேப்ஸ் தளத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு பகுதியின் மின்சாரத்திலும் நிலக்கரி, எரிவாயு, நீர், காற்று, சூரியன், அணு ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பது அதில் மணிக்கு மணி தெரியும். சூரியத்தகடுகள் நிறைய இருக்கும் இடங்களில் நண்பகலில் ஏறும் பங்கு, மாலையில் எல்லோரும் விளக்குப் போடும் நேரத்தில் சரிந்துவிடும். மின்கம்பி மின்சாரத்தைச் சேமித்து வைக்காது. நாம் சுவிட்சைப் போடும் அதே கணத்தில் எங்கோ ஒரு ஜெனரேட்டர் அந்தச் சுமையை ஏற்றாக வேண்டும். இது புரிந்தபிறகு துணி துவைப்பதை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். மீட்டரில் யூனிட் குறையவில்லை. அது வரும் இடம்தான் மாறியது, அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது.

யூனிட்டின் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், காற்றும் ஆறும் நிலக்கரியும் கடைசியில் சூரியனில்தான் போய் முடிகின்றன. அப்படி முடியாதவையும் உண்டு. யுரேனியம் பூமி உருவாவதற்கு முன்பே வேறு விண்மீன்களின் அழிவில் பிறந்தது. ஓதத்தில், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவதில், வரும் மின்சாரம் பூமியின் சுழற்சியிலிருந்து எடுப்பது.

இனி குறைகள். 2, 3 வாட்டுக்குக் கீழே என் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியவில்லை. சிறிய சார்ஜர்களை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி மொத்தமாக அளந்தால் ஓரளவு சரியாக வருகிறது. உள்ளேயிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, எட்டு மாதக் கணக்கு ஒருமுறை மொத்தமாக அழிந்தது. மனசு மிகவும் கஷ்டப்பட்டது. வாரம் ஒருமுறை நோட்டில் எழுதிவிடுங்கள். நேரடியாக வயரிங்கில் இணைத்த வாட்டர் ஹீட்டரை இதில் அளக்கவே முடியாது.

பெரிய குறை வேறு. பிளக்கில் செருகாத எதையும் இது பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் வெப்பம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி இன்ஜின் சூடாகவே வெளியேறிவிடுகிறது. வண்டிக்குப் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் லிட்டரை ஒன்பதால் பெருக்கி, அதே நோட்டில் ரவுட்டருக்குப் பக்கத்துக் கட்டத்தில் போன மாதத்திலிருந்து எழுதிவருகிறேன்.